எட்டு மணிக் கையெழுத்து

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எடுத்த காரியத்தில் நிற்கத் தெரியவில்லை என்பது சின்னப்பையனின் முடிவு. கல்யாணத்துக்கு வந்தவன் தாலி ஏறுமுன்னே பந்தி எங்கே என்று தேடுகிறான். சாவு வீட்டுக்கு வந்தவன் மாலையைப் போட்ட கையோடு செல்லைக் காதில் வைத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுகிறான். சுடுகாடு வரைக்கும் நடக்க நாலு பேர் தேறுவதில்லை. கேட்டால் டைம் இல்லை என்பான். விடிகிறதும் அடைகிறதும் அன்றைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கிறது. இவன்களுடைய பகல் மட்டும் எங்கே ஓட்டை விழுந்து ஒழுகுகிறது?

இப்போது அதற்கும் பாடம் நடத்த ஆள் வந்துவிட்டானாம். மகள் செங்கொடி வேலை பார்க்கிற ராயபுரத்துக் கூரியர் ஆபீஸில் போன மாதம் ஒருவன் டை கட்டிக்கொண்டு வந்து, ஒரு நாளில் செய்கிறதையெல்லாம் வரிசையாகத் தாளில் எழுது, எது இல்லாவிட்டால் யாருக்கும் கேடில்லையோ அதை அடி என்று சொல்லிக் கொடுத்தானாம். கேட்டவர்களுக்குச் சமோசாவும் டீயும் வேறு. அந்த வித்தையை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செங்கொடி அப்பன் வீட்டுத் தரையில் பென்சிலோடு உட்கார்ந்தாள்.

"எவனோ ஒர்த்தன் டை கட்டிகினு வந்து சொன்னான்னு, நான் எந்திரிக்கிறதும் குந்துறதும் உனுக்கு எழுதிக் குடுக்கணுமா?" என்றார் சின்னப்பையன்.

செங்கொடி தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைப் பின்பக்கம் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் விளையாட்டுக்கு உட்காரவில்லை என்பது அவருக்கும் தெரியும். அவளுடைய லீவு அன்றோடு முடிகிறது. நாளைக்குக் காலையில், தான் குடியிருக்கிற எம்.கே.பி. நகரிலிருந்து பஸ் பிடித்து அவள் வேலைக்குப் போயாக வேண்டும்.

கட்டிலில் பூவம்மா படுத்திருந்தாள். அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து ஒரு மாதம் ஆகிறது. வீட்டுக்கு வந்து பத்து நாள். இந்தப் பத்து நாளும் செங்கொடிதான் தினமும் காலையில் அம்மாவைத் தூக்கிக்கொண்டுபோய் டிஸ்பென்சரியில் கட்டு மாற்றிக் கூட்டி வந்தாள். அங்கே கட்டு மாற்றுவது எட்டிலிருந்து ஒன்பது வரைக்கும்தான். ஒன்பது அடித்தால் நர்ஸம்மா டிரேயை மூடிவிடுவாள். வலது காலின் சுண்டுவிரல் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு விழுந்திருந்தது. அதையும் தினம் கழுவி மருந்து வைக்க வேண்டும், ஒரு நாள் தவறினாலும் இதுவும் அது போன வழிக்குப் போகும் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் செங்கொடியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

நாளையிலிருந்து யார் கூட்டிப் போவது என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பென்சில்தான் கேட்டது.

சின்னப்பையனுக்கு எட்டு மணி என்பது வேறு இடத்துக்கு எழுதிக் கொடுத்த நேரம். திருவொற்றியூரில் கம்பி இழுக்கிற கம்பெனியில் முப்பத்தேழு வருஷம் அவருக்கு வேலை. ஆசிட் தொட்டியில் கம்பிச் சுருளை முக்கி எடுக்கிற செக்ஷன். அந்தப் புகையில் பல்லும் முடியும் சீக்கிரம் போய், நாற்பது வயதிலேயே பெருசு என்று பேர் வாங்கியவர். கம்பெனி நொடித்தபோது முதலில் லே-ஆஃப் விட்டார்கள். வேலை கிடையாது, ஆனால் தினமும் ஷிப்ட் நேரத்துக்குக் கேட்டுக்கு வந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பாதிக் கூலி. வராதவனுக்கு அதுவும் இல்லை. எட்டு மணிச் சங்கு ஊதியதும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி நடப்பார்கள்.

இரண்டாயிரத்தில் பொங்கல் கழிந்த மறுவாரம் கேட்டுக்கே பூட்டுப் போட்டான். ரிஜிஸ்டரை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டான். கேஸ் கோர்ட்டுக்குப் போனது. தொழிலாளிகளே வேலையை விட்டு ஓடிப்போனார்கள் என்று நாளைக்கு அவன் சொல்வான், அதற்கு இடம் கொடுக்கக்கூடாது, ரிஜிஸ்டரை நாமே வைப்போம் என்றது சங்கம். நீள நோட்டு ஒன்று வாங்கி, கோடு போட்டு, தேதி எழுதி, பூட்டிய கேட்டின் முன்னால் எட்டு மணிக்குக் கையெழுத்து. முதல் நாள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் போட்டார்கள். கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் இசக்கியம்மாள் அன்றைக்குக் கடனாகக் கொடுத்த டீயே மூன்று கொதிப்பு.

அப்புறம் ஒருவன் ஆட்டோ ஓட்டப் போனான். ஒருவன் எண்ணூரில் இறால் பிடிக்கப் போனான். சிலர் செத்துப்போனார்கள், அவர்களைச் சின்னப்பையன் சுடுகாடு வரைக்கும் நடந்தே கொண்டுபோய் விட்டார். மூன்றரை வருஷத்தில் நோட்டில் மிஞ்சியது இரண்டே கையெழுத்து. அவருடையதும், அதே செக்ஷனில் வேலை பார்த்த வேம்புவுடையதும். நோட்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றப்பட்டு இசக்கியம்மாளின் பிஸ்கட் டின்மேல் இருக்கும். திருநெல்வேலிக்காரியான அவளுக்கு இவர்களைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும். "ரெண்டு ஆளுக்கு இம்புட்டுப் பெரிய கேட்டு எதுக்குங்கேன்?" என்று கேட்டுக்கொண்டே டீயை ஆற்றுவாள்.

சின்னப்பையன் யாரையும் நம்பாத மனுஷன். கம்பெனியை நம்பமாட்டார், வக்கீலை நம்பமாட்டார், கோர்ட்டை நம்பமாட்டார். சங்கத்தையே அரைக் கண்ணால்தான் பார்ப்பார். அதனால்தான் ஒரு நாளும் தவறவிடவில்லை. ஒரு தேதியில் தன் பேர் இல்லாவிட்டால், அந்த ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் கவிழ்த்துவிடுவான்கள் என்பது அவர் கணக்கு. மழை, காய்ச்சல், பந்த், எதுவும் அவரைத் தடுத்ததில்லை. பூவம்மாவின் காலை எடுத்த அன்றும் எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார். போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்து அவளை வார்டில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். செங்கொடி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

புண் வந்தது போன ஐப்பசி மழையில். ரப்பர்ச் செருப்பின் வார் அறுத்த சின்னக் கீறல்தான். சர்க்கரை உடம்பில் அது ஆறுவேனா என்றது. தினம் கட்டு மாற்ற வேண்டும் என்று டிஸ்பென்சரியில் சொன்னார்கள். அன்றைக்கு எந்த டைக்காரனும் வந்து சொல்லாமலேயே சின்னப்பையன் தன் நாளிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டினார். விடியற்காலை டீக்கடைப் பேப்பரை விட்டார். பதினோரு மணிக்குச் சங்க ஆபீஸில் போய் உட்காருவதை விட்டார். சாயங்காலம் படிப்பகத்தில் கேரம் ஆடுவதை விட்டார். ஞாயிற்றுக்கிழமை புத்த விகாரையைக் கூட்டிப் பெருக்குவதைப் பக்கத்துப் பிளாக்குக்காரனிடம் ஒப்படைத்தார். விடியுமுன் நாலு மணிக்குத் தண்ணீர் லாரியில் நின்று குடம் பிடித்து, சோறு பொங்கி, துணி துவைத்து, மருந்து வாங்கி எல்லாம் அவரே செய்தார். எட்டு மணி ஒன்றைத்தான் அவரால் இரண்டாகப் பிளக்க முடியவில்லை. கேட்டிலிருந்து வீடு திரும்பி அவளைக் கூட்டிப் போவதற்குள் ஒன்பது அடித்துவிடும். கட்டு மாற்றக் கூட்டிப் போவதைக் கீழ்வீட்டு சாபிராவிடம் விட்டார்.

சாபிரா நல்லவள். ஆனால் அவளுக்கும் ஸ்கூலுக்கு அனுப்ப மூன்று பிள்ளைகள். வாரத்தில் இரண்டு நாள் கூட்டிப்போவாள், மற்ற நாள் முடியாது. முடியாத நாட்களில் பூவம்மா உப்புத் தண்ணீரைச் சுடவைத்துத் தானே கழுவிக்கொண்டு, பழைய கட்டையே புதிது மாதிரி மடித்துச் சுற்றிக்கொள்வாள். பத்து மணிக்கு அவர் வந்து, கட்டு மாத்திட்டாங்களா என்று கேட்பார். ஆச்சு என்பாள். உலகத்தில் ஒருத்தரையும் நம்பாதவர் அந்த ஒரு சொல்லை எட்டு மாதம் நம்பினார்.

செங்கொடி தாளில் எழுத ஆரம்பித்தாள். நாலு மணி, தண்ணீர்.

"அது வேணும்," என்றார்.

சாபிரா வீட்டுக்கும் சேர்த்து இரண்டு குடம் பிடிப்பதை ஏன் என்று கேட்டாள். அவள் இவ்வளவு செய்தாளே, அதற்கு இதுகூடச் செய்யக்கூடாதா என்றார். செங்கொடி அதை அடிக்கவில்லை. பிளாக் மோட்டாரைப் போட்டு நிறுத்துவது, பெயில் ஆன பிள்ளைகளுக்காக ஹெட்மாஸ்டரிடம் போய் நிற்பது, ரேஷன் கடையில் கிழவிகளுக்கு வரிசை பிடிப்பது, செத்தவர் வீட்டில் பாடை கட்டுவது என்று அவள் ஒவ்வொன்றாக எழுதினாள். எது போனால் யாருக்குக் கேடு என்று கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் சொன்னார்.

"இதுல எத்தினி பேரு நைனா, அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப வந்து எட்டிப் பாத்தாங்க?"

அவர் யோசித்தார். மூன்று பேர் என்றார். மூன்றில் ஒருவர் தவறுதலாக வேறு வார்டுக்குப் போய்த் திரும்பிவிட்டதைச் சொல்லவில்லை. அவள் மோட்டாரை அடித்தாள், ஹெட்மாஸ்டரை அடித்தாள், ரேஷன் கடையை அடித்தாள். பாடையின்மேல் பென்சிலை வைத்தபோது அவர் முறைத்த முறைப்பில் அதை மட்டும் விட்டாள்.

கடைசியில் எட்டு மணி என்று எழுதி, பக்கத்தில் கேட்டு என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பென்சிலை எடுக்காமல் அப்படியே இருந்தாள். தெருவில் ஒரு கன்டெய்னர் லாரி போனது. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்து அடங்கின.

கட்டிலிலிருந்து பூவம்மா பேசினாள். "அத்த மட்டும் உட்ருடீ. அவுருக்கு அங்க போய்ட்டு வந்தாத்தான் சோறு எறங்கும். நான் சாபிராவ வெச்சிகினு எப்டியோ போய்ப்பேன்."

செங்கொடி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சின்னப்பையன் மகளையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் கிடந்ததைப் பார்த்தார். பிறகு குனிந்து மகள் கையிலிருந்து பென்சிலை வாங்கி, அந்த வரியின்மேல் தானே ஒரு கோடு இழுத்தார். ஆசிட்டில் மரத்துப்போன விரல். கோடு அழுத்தமாக விழுந்து தாள் கிழிந்தது.

திங்கட்கிழமைக்கு ஏற்பாடு இதுதான். சாபிராவின் புருஷன் ஜஹாங்கீர் மீன் ஏற்றுகிற தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் பூவம்மாவை உட்காரவைத்து எட்டு மணிக்கு டிஸ்பென்சரி வாசலில் கொண்டுவந்து விடுவான். அதற்குமேல் அவனால் நிற்க முடியாது, காசிமேட்டில் சரக்கு காத்திருக்கும். அவளை வண்டியிலிருந்து இறக்கி உள்ளே தூக்கிப் போக சின்னப்பையன் அங்கே நிற்க வேண்டும். அதற்கு முன்னால் ஏழரைக்குக் கேட்டுக்குப் போய் வேம்புவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று அவர் நினைத்தார். கேட்டிலிருந்து டிஸ்பென்சரிக்குக் கால் மணி நடை.

வேம்பு கன்டெய்னர் யார்டில் ராத்திரி வாட்ச்மேன். டூட்டி முடிந்து நேராக வருகிறவன். அவன் வந்து சேரவே ஏழே முக்கால் ஆகிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து, கவரைப் பிரித்து, நோட்டில் தேதி போட்டான். ஐம்பது வயதுக்கு இன்னும் ஒன்று குறைவு அவனுக்கு. கண் மட்டும் சிவந்து கிழவன் கண் மாதிரி இருக்கும்.

சின்னப்பையன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். "இன்னிலேர்ந்து எனக்கு லீவு போட்டுக்கடா. சம்சாரத்துக்கு ஒடம்பு சரியில்லன்னு எழுது. தெனிக்கும் எழுதணும், உட்றாத. டோக்கன் நம்பர் நானூத்திப் பதினேழு. ஒரு நாள் காலியா கெடந்தாலும் அவனுங்க அத்தப் புடிச்சிப்பானுங்க."

வேம்பு பேனாவைத் திறந்தான். எழுதவில்லை. மூடியைத் திரும்ப மாட்டினான்.

"எழுத வாணாம் அண்ணாத்த."

"ஏன்?"

அவன் நோட்டைப் பார்த்தபடியேதான் சொன்னான். வக்கீல் ஒருநாள் அவனை வரச் சொல்லியிருந்தார். கம்பெனி கோர்ட்டில் கொடுத்த லிஸ்ட்டைக் காட்டினார். எல்லார் பேருக்கும் பக்கத்தில் பிறந்த வருஷம் டைப் அடித்திருந்தது. நானூற்றுப் பதினேழுக்கு நேரே நாற்பத்து மூன்று. ஐம்பத்தெட்டு முடிந்தால் ரிட்டையர். கம்பெனி ஓடியிருந்தாலும் இரண்டாயிரத்து ஒன்று ஜூன் மாசக் கடைசியில் சின்னப்பையனுக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அந்தத் தேதிக்கு அப்புறம் அவர் கேட்டுக்கு வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். கேஸ் ஜெயித்தால் அதுவரைக்கும் உள்ளது வரும். கையெழுத்தால் ஒன்றும் கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை.

"எப்போ தெரியும் உனுக்கு?"

"பொங்க அப்போ."

பொங்கல் சமயத்தில் பூவம்மாவின் புண் நாலணா அகலம் இருந்தது. அவருக்கு நன்றாக நினைவிருந்தது. போகி அன்று அவளே காலைத் தூக்கிக் காட்டி, சுருங்கிக்கினு வருது பாரு என்றாள்.

"ஏன்டா சொல்லல?"

"நீயும் பூட்டா நான் ஒண்டியா எப்டி நிக்கிறது அண்ணாத்த?" என்றான். "ஒர்த்தன் நின்னா பைத்தியம்னுவாங்க. ரெண்டு பேரு நின்னாத்தான் அது கேஸு. அண்ணியோட கால் இப்டி ஆவும்னு நான் நெனைக்கல. அப்பால எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்றது?"

இசக்கியம்மாள் இரண்டு கிளாஸ் டீயைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தாள். இருவர் முகத்தையும் பார்த்தாள். வழக்கமான கேலியைச் சொல்லாமல் உள்ளே போய் அடுப்பைக் கிளறினாள்.

சின்னப்பையனுக்கு அடிக்கக் கை எழவில்லை. அறுபத்து மூன்றாம் வருஷம் இதே கேட்டில் நின்றது கண்ணுக்கு முன்னால் வந்தது. மீசை முளைக்காத பையன். பதினைந்தோ பதினாறோ. இருபது ஆகாதவனை ஆசிட் தொட்டிக்கு எடுக்கமாட்டான், கேட்டால் இருபது என்று சொல் என்று மேஸ்திரி சொல்லிக் கொடுத்திருந்தான். கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வயசு என்னடா என்றான். இருபது என்றார். எழுதிக்கொண்டான். பிறந்த தேதியை அந்த ஊரில் யார் வைத்திருந்தார்கள்? பெரிய புயல் அடித்த வருஷம் என்று அம்மா சொல்வாள். எந்தப் புயல் என்று யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு வேலைக்காகச் சொன்ன ஒரு பொய் நாற்பது வருஷம் உள்ளே பைலில் உட்கார்ந்திருந்து இன்றைக்கு டைப் அடித்து வெளியே வந்திருக்கிறது.

இல்லை, அப்படி இருக்காது என்று நினைத்தார். லிஸ்ட்டை அடித்தது யார்? கம்பெனி. கம்பெனிக்காரன் என்றைக்கு உண்மையை அடித்தான்? ஆளைக் கழிப்பதற்கு எந்த வருஷத்தை வேண்டுமானாலும் போடுவான். வக்கீல் அதைப் படித்துக் காட்டுவான். இந்த வேம்பு அதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு வருவான்.

"அது பொய்யி," என்றார்.

"அண்ணாத்த, நான் என் கண்ணால பாத்தேன்."

"நீ பாத்தது அவன் அடிச்ச தாளு. நான் பொறந்தத நீ பாத்தியா?"

சின்னப்பையன் குனிந்து நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். நேற்றைய தேதிக்கு நேரே அவர் கையெழுத்து இருந்தது. அதற்கு மேலே முந்தாநாள். பக்கத்தைப் புரட்டினார். போன மாதத்தில் ஒரு தேதியில் விரல் நின்றது. அன்றைக்கும் இருந்தது, கோணாமல், நம்பரோடு. பஸ்ஸுக்கு அவசரமாக ஓட வேண்டியிருந்தும் அன்றைக்குத்தான் நிதானமாகப் போட்டிருக்கிறார்.

நோட்டை மூடி, கவரில் போட்டு, வேம்புவின் மடியில் வைத்தார்.

"லீவுன்னே எழுது," என்றார். "தெனிக்கும்."

டீயைத் தொடாமல் எக்ஸ்பிரஸ் ரோட்டில் இறங்கினார். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் விடிந்ததிலிருந்து நகராமல் வரிசையில் நின்றன. டிரைவர்கள் வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கினார்கள். அவற்றின் ஓரமாகவே நடந்தார். பாதி வழியில் பக்கத்துக் கம்பெனியின் எட்டு மணிச் சங்கு ஊதியது. ஒரு கணம் உடம்பு தானாகத் திரும்பப் பார்த்தது. அவர் அதை இழுத்துக்கொண்டு நடந்தார்.

ஜஹாங்கீர் இதற்குள் வந்திருப்பான். வண்டிப் பலகையில் ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவர் பார்க்க, பூவம்மா வாசலில் காத்துக்கொண்டிருப்பாள். ஏன் லேட் என்று கேட்கமாட்டாள். கேட்டாலும் இதைச் சொல்லப்போவதில்லை.

"நாப்பத்து மூணாம்," என்றார் சத்தமாக. லாரிக்கடியில் படுத்திருந்த ஒருவன் கண்ணைத் திறந்து பார்த்தான். "எவன் பாத்தான்? எனுக்கு இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸு கீது."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடையை எட்டிப் போட்டார்.